இரண்டாம் மாடியில் டியூஷன் மையம்: பின்புறத்துச் சுழல் படிக்கட்டு போதுமா?

பினாங்குத் தீவிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தந்தை விட்டுச்சென்ற மூன்று தளக் கடைவீடு இவருக்கும் இவருடைய தம்பிக்கும் பொதுவில் இருக்கிறது. 1980களில் எழுந்த கான்கிரீட் கட்டடம். அகலம் 20 அடி, நீளம் 70 அடி. தரைத்தளத்தில் இவரே மளிகைக் கடை நடத்துகிறார். முதல் மாடியில் ஒரு கணக்காளர் அலுவலகம். இரண்டாம் மாடி பல வருடங்கள் கடைச் சரக்கு அடுக்கும் இடமாக இருந்து, இப்போது காலியாகக் கிடக்கிறது. மேலே போக, ஐந்தடிப் பாதையிலிருந்து (கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை) ஏறும் ஒரே படிக்கட்டுதான். இரவில் திருட்டுப் பயம் இருப்பதால் அந்தப் படிக்கட்டில் இரும்புக் கிரில் கதவு போட்டுப் பூட்டுகிறார்கள். சாவி கடையில் இருக்கும்.

ஓர் ஆசிரியத் தம்பதி இரண்டாம் மாடியை டியூஷன் மையத்துக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். மாலையில் அறுபது பிள்ளைகள்வரை வருவார்களாம். மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது, இரண்டாவது வெளியேறும் படிக்கட்டு இல்லாமல் ஆதரவுக் கடிதம் தர இயலாது என்று தீயணைப்பு மீட்புத் துறை சொல்லிவிட்டது. உறவுக்காரக் குத்தகையாளர் ஒருவர், பின் சந்துப் பக்கம் 1.5 மீட்டர் விட்டத்தில் சுழல் இரும்புப் படிக்கட்டு போட்டுத் தருவதாகச் சொல்கிறார். “இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். பொம்பாவிலிருந்து (தீயணைப்புத் துறை) வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்” என்பது அவர் வாக்கு. தம்பியோ, “நாற்பது வருடமாக ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறோம். உரிமம் வாடகைக்கு வருகிறவர் பாடு, நமக்கென்ன?” என்கிறார். சுழல் படி போதுமா, தீயணைப்புக் கருவிகளைக் கூடுதலாக வைத்தால் படிக்கட்டே வேண்டாமா, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்கிறார் வாசகி.

அன்புச் சகோதரி,

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுழல் படிக்கட்டைப் போடாதீர்கள். அறுபது பிள்ளைகள் இறங்க வேண்டிய இடத்துக்கு அது உதவாது. பின் சந்தில் போட்டால் வேறொரு வழக்கையும் கூட்டிவரும். அதற்காக உங்கள் கட்டடத்தில் டியூஷன் மையமே நடத்த முடியாது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். வழிகள் இருக்கின்றன. ஆனால் எந்தப் படிக்கட்டு என்று கேட்பதற்கு முன், அந்த மாடியில் யார் இருக்கப்போகிறார்கள், எத்தனை பேர், என்ன வேலையாக என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். படிக்கட்டின் அகலமும் எண்ணிக்கையும் இடமும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் வீட்டுப் பேச்சில் இந்த வரிசை தலைகீழாகியிருக்கிறது: சந்தில் எது அடங்கும் என்று பார்த்துவிட்டு, அதைப் பிள்ளைகளுக்குப் பொருத்தப் பார்க்கிறீர்கள்.

நாற்பது வருடமாக இல்லாத விதி இப்போது எங்கிருந்து வந்தது?

உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது. பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள், ஒவ்வொரு மேல்தளத்துக்கும் குறைந்தது இரண்டு தனித்தனிப் படிக்கட்டுகள் வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கின்றன. அதற்கு 194ஆம் விதி ஒரு விலக்குத் தருகிறது. உச்சித் தளத்தின் உயரம் 12 மீட்டரைத் தாண்டாத கட்டடத்தில் ஒரே படிக்கட்டு இருக்கலாம். நம் ஊர்க் கடைவீட்டு வரிசைகளில் பல, இந்த விலக்கை நம்பித்தான் நிற்கின்றன.

ஆனால் விலக்கோடு நிபந்தனைகளும் சேர்ந்தே வருகின்றன. கட்டடத்தைத் தாங்கும் உறுப்புகள் ஒரு மணி நேரமாவது தீயைத் தாங்க வேண்டும். மேல் மாடிகள் குடியிருப்புக்கோ அலுவலகத்துக்கோ மட்டும் பயன்பட வேண்டும். தரைத்தளத்தில் கடையோ வாகன நிறுத்துமிடமோ இருக்கலாம். அப்படி இருந்தால் படிக்கட்டை அதிலிருந்து பிரிக்கும் சுவர் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். மிகத் தள்ளியிருக்கும் அறையின் கதவிலிருந்து படிக்கட்டுக் கதவுவரை உள்ள தொலைவு 12 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தீயணைப்பு வீரர்களின் ஏணி எட்டும் சன்னல்கள் உள்ள கீழ்த்தளங்களுக்கு இதில் தளர்வு உண்டு.

ஆக, உங்கள் கட்டடம் ஒரே படிக்கட்டோடு முறையாக அனுமதி பெற்றிருக்கலாம். அந்த அனுமதி அலுவலகத்தையோ குடியிருப்பையோ மனத்தில் வைத்துத் தரப்பட்டது. வகுப்பறை வந்ததும் விலக்கு போய்விடுகிறது. வருத்தத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சரக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த காலத்திலும் அந்த மாடி விலக்குக்குள் இருக்கவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். துணைவிதிகளின் ஏழாம் அட்டவணை, அலுவலகத்தில் மொத்தப் பரப்பில் 10 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றும், வகுப்பறையில் நிகரப் பரப்பில் 2 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றும் கணக்கிடச் சொல்கிறது. உங்கள் மாடி 1,400 சதுர அடி, ஏறத்தாழ 130 சதுர மீட்டர். அலுவலகம் என்றால் 13 பேர். கழிப்பறையும் நடையும் ஆசிரியர் அறையும் போக 90 சதுர மீட்டர் வகுப்பறையாக எஞ்சினால் 45 பேர். இறங்க வேண்டியவர்கள் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். அறுபது என்ற எண்ணிக்கையும் இங்கேயே இடிக்கிறது: இந்தக் கணக்குப்படி அதற்கு 120 சதுர மீட்டர் வகுப்பறை வேண்டும், உங்கள் மாடியில் அது கிடைக்காது. இரண்டாவது படிக்கட்டு வந்தால் அதுவும் இடம் கேட்கும். இதை அந்தத் தம்பதியிடம் இப்போதே பேசிவிடுங்கள். நாற்பது பிள்ளைகளோடு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால், படிக்கட்டுக்குப் பணம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

விதியை நுணுக்கிப் பேசுவது எதற்காக என்று தோன்றினால், 2017 செப்டம்பர் 14ஐ நினைத்துப் பாருங்கள். அன்று அதிகாலை, கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் ஒரு தஹ்ஃபிஸ் பள்ளி (குர்ஆன் மனனப் பள்ளி) எரிந்து 23 பேர் இறந்தார்கள். இருவர் தவிர மற்ற எல்லாரும் மாணவர்கள். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த மேல்தளத்தின் சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. மூல வரைபடத்தின்படி அந்தத் தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. பிறகு எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர் இரண்டாவது வழியை எட்ட முடியாமல் செய்துவிட்டது என்று அப்போதைய அமைச்சர் விளக்கினார். தீ வைக்கப்பட்டது என்பது தனி வழக்கு. வழி இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் இறங்கியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை. உங்கள் மாடியை மூன்று வகுப்பறைகளாகத் தடுக்கும்போதும், எந்த அறையில் இருக்கும் பிள்ளையும் இரண்டு படிக்கட்டுகளையும் எட்டும்படி தடுப்புகள் அமைய வேண்டும்.

சுழல் படிக்கட்டில் என்ன குறை?

ஜார்ஜ்டவுனின் பழைய சந்துகளில் நடந்தால், கடைவீடுகளின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சுழல் படிகளை இன்றும் பார்க்கலாம். ஒருவர் ஏறி ஒருவர் இறங்க அவை போதும். உங்கள் குத்தகையாளர் தரும் 1.5 மீட்டர் விட்டத்தில் நடுத்தூணும் கைப்பிடியும் போக மிஞ்சும் நடை அகலம் 65 சென்டிமீட்டர் அளவுதான். ஒவ்வொரு படியும் வெளி ஓரத்தில் அகன்றும் தூணோரம் விரற்கடையாகக் குறுகியும் இருக்கும். புத்தகப் பையோடு இறங்கும் பிள்ளைக்குக் கால் வைக்க வெளி ஓரம் மட்டும்தான். ஒரு பிள்ளை தடுக்கி உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாரும் நிற்க வேண்டும். தாண்டிப் போக இடமில்லை. மயங்கிய பிள்ளையை ஆசிரியர் தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது.

துணைவிதிகள் கேட்பது இதற்கு நேர் எதிரானது. ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; கால் வைக்கும் மிதியின் ஆழம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; மேலிருந்து கீழ்வரை எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குடியிருப்பல்லாத கட்டடத்தில் 16 படிகளுக்கு மேல் தொடர்ந்து போகாமல் நடுவே ஒரு படித்தளம் (படிகளுக்கு இடையிலான சமதளம்) வர வேண்டும். தேவையான அகலம் படித்தளம் உட்பட முழு நீளத்துக்கும் குறையாமல் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்றை உங்கள் குத்தகையாளர் சொல்லவே இல்லை. படிக்கட்டுகளில் ஏதாவது ஒன்று பயன்படாமல் போனால், மீதியிருப்பது அந்தத் தளத்தின் முழுக் கூட்டத்தையும் இறக்கும் அகலத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கடிதத்தில் “துணைக்கு ஒரு படி” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். உங்கள் மளிகைக் கடையின் முன்பக்கத்தில் தீப்பிடித்தால் முன் படிக்கட்டு புகையால் நிரம்பிவிடும். அப்போது எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இறங்க பின் படிக்கட்டு ஒன்றுதான் இருக்கும். அது தனியாகவே போதுமானதாக இருக்க வேண்டும்.

பின் சந்து உங்களுடையது என்று குடும்பத்தில் எல்லாரும் நினைக்கிறீர்கள் போலும். சந்து பொதுவழி. உங்கள் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு தூண் ஊன்றினாலும், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அது பொது இடத்து இடையூறாகக் கருதப்படலாம். மாநகர் மன்றம் அகற்றச் சொன்னால் படிக்கட்டும் போகும், பணமும் போகும், டியூஷன் மையமும் மூட வேண்டிவரும். ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா போன்ற இடங்களில் கட்டடம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரிய வட்டாரத்துக்குள் வெளிப்புறப் படிக்கட்டு போடுவதற்குக் கூடுதல் பரிசீலனை உண்டு. அங்குள்ள பழைய வீடுகளின் பலகைத் தளங்கள் ஒரு மணி நேரத் தீத்தாங்கலை எட்டுமா என்பதையும் முதலில் சோதிக்க வேண்டும்.

உங்களுக்கு உள்ள வழிகள்

செலவே இல்லாத வழி, இரண்டாம் மாடியையும் அலுவலகத்துக்கே வாடகைக்கு விடுவது. ஆனால் இதிலும் 12 மீட்டர் நிபந்தனையைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் கட்டடம் 21 மீட்டர் நீளம், படிக்கட்டு முன்பக்கம். பின்கோடியில் தனி அறை தடுத்தால் அதன் கதவு 12 மீட்டரைத் தாண்டக்கூடும். தடுப்புகளைக் குறைத்தோ அறையை முன்னுக்கு இழுத்தோ சரிசெய்யலாம். தரைத்தளத்தில் வகுப்பு நடத்தும் யோசனையும் உண்டு: முன்னும் பின்னும் நேரே வெளியேறலாம் என்பதால் பாதுகாப்புக்கு அதுதான் மிகச் சுலபம். கடை வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கடையைச் சுருக்கி ஒரு பகுதியைக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். ஆனால் அது உங்கள் பிழைப்பு, நான் வற்புறுத்தமாட்டேன்.

மாடியில்தான் வகுப்பு என்றால், முறையான படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்போம். தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர் உயரம் என்று கொள்ளுங்கள். 180 மில்லிமீட்டருக்குள் படி அமைய 19 படிகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 174 மில்லிமீட்டர். நடுவே திரும்பும் படிக்கட்டாக 10, 9 என்று பிரித்தால், நீண்ட பக்கத்தின் ஓட்டம் சுமார் 2.3 மீட்டர். இரு முனையிலும் 1.1 மீட்டர் படித்தளம் சேர்த்தால் நீளம் 4.5 மீட்டர். 1.1 மீட்டர் அகலத்தில் இரண்டு ஓட்டங்கள் அருகருகே வர 2.3 மீட்டர். இதில் சுவரின் கனம் சேரவில்லை.

*வெளிப்புறப் படிக்கட்டு.* உங்கள் பின்முற்றம் 8 அடி ஆழம், அதாவது 2.4 மீட்டர். கட்டடத்தின் அகலம் 6 மீட்டர். பின்சுவரை ஒட்டி நீளவாக்கில் வைத்தால் மேலே சொன்ன அளவு மயிரிழையில் அடங்கும். ஆனால் அங்கே உங்கள் அப்பா போட்ட தகரக் கொட்டகை இருக்கிறது. அது போக வேண்டும். படிக்கட்டை ஒட்டியும் அதன் அடியிலும் உள்ள சன்னல்களை அடைக்கவோ தீத்தாங்கும் அமைப்பாக மாற்றவோ வேண்டியிருக்கும். கீழ் மாடிச் சன்னலிலிருந்து சீறும் தீயைத் தாண்டி யாரும் இறங்க முடியாது. வெளிப்புறப் படிக்கட்டு என்பதற்காகத் துணைவிதிகள் எந்தச் சலுகையும் தருவதில்லை. உட்புறப் படிக்கட்டுக்கு உள்ள எல்லா நிபந்தனைகளும் இதற்கும் உண்டு. ஒவ்வொரு மாடியிலிருந்தும் படிக்கட்டுக்கு வரும் கதவு தீத்தாங்கும் கதவாக, தானாக மூடிக்கொள்வதாக, வெளியேறும் திசையில் திறப்பதாக இருக்க வேண்டும். அந்தக் கதவு திறக்கும்போது படித்தளத்தின் தேவையான அகலத்தைப் பறித்துவிடவும் கூடாது. அதனால் படித்தளம் இன்னும் சற்று நீள வேண்டும், 4.5 மீட்டர் 5 மீட்டரைத் தாண்டினாலும் வியப்பில்லை.

*உட்புறப் படிக்கட்டு.* கட்டடத்தின் பின்கோடியில் தளங்களை வெட்டி, தீத்தாங்கும் சுவர்களுக்குள் கான்கிரீட் படிக்கட்டு கட்டுவது. ஒவ்வொரு தளத்திலும் 12 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் போகும். உங்கள் கடையின் பின்பகுதியிலும் அதே அளவு போகும். கடைக்குள் இறங்காமல் நேரே பின்வாசலுக்குப் போகும்படி அது தனித்திருக்க வேண்டும். தளத்தை வெட்டுவதற்குப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. செலவு அதிகம்தான். ஆனால் மழையும் கடற்காற்றும் இதைத் தொடாது. முதல் மாடிக்கும் இரண்டாவது வழி கிடைக்கிறது. நாளை அந்த மாடியை வேறு தொழிலுக்கு விடவும் கதவு திறக்கிறது. பணம் இடம் கொடுத்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இரண்டில் எதுவானாலும், மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவுபெற்ற ஒருவர் வரைந்து, மாநகர் மன்றத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் சமர்ப்பித்து, எழுத்து மூலம் அனுமதி வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். துணைவிதிகளை மாநிலங்கள் அவ்வப்போது திருத்தியிருக்கின்றன. பினாங்கில் இன்று நடப்பிலுள்ள பதிப்பைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். “நான் பேசிக்கொள்கிறேன்” என்பது அனுமதி ஆகாது. உறவுக்காரர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். நோட்டீஸ் வரும்போது அதில் அவர் பெயர் இருக்காது.

இரும்புப் படிக்கட்டுதான் என்றால் எதைப் பார்ப்பது?

வேலை முடிந்ததும் அளவு நாடாவோடு நீங்களே போங்கள். முதல் படியையும் கடைசிப் படியையும் கட்டாயம் அளந்து பாருங்கள். தளத்தில் ஓடு பதிக்கும் கனத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். கடைசிப் படி மட்டும் உயரம் மாறிப்போகும். பழகிய கால் அந்த இடத்தில்தான் தடுக்கும். கைப்பிடி, படி முனையிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். படிக்கட்டு 1,100 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலம் என்றால் இரு பக்கமும் கைப்பிடி வேண்டும்.

பூப்போட்ட இரும்புத் தகடு மழையில் வழுக்கும். ஒவ்வொரு படி முனையிலும் சொரசொரப்பான பட்டை பதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும். இரும்பு முழுவதும் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். அப்படி முக்கி எடுத்ததையே பொருத்தும் இடத்தில் வெட்டிப் பற்றவைத்தால், அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோய் முதலில் துருப்பிடிக்கும். பினாங்கின் உப்புக்காற்றில் வெகுநாள் தாங்காது. பற்றவைத்த இணைப்புகளுக்குப் பக்கத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள். படிக்கட்டைச் சுமக்கும் ஆணிகள் கான்கிரீட் உத்தரத்தில் இறங்கியிருக்கின்றனவா, வெறும் செங்கல் சுவரில் இறங்கியிருக்கின்றனவா என்று பொறியாளரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த பிறகு வரும் ஆபத்து வேறு. பின்முற்றத்துப் படித்தளங்களைப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பாகத்தை வைக்கத் தோன்றும். கீழே எரிவாயு சிலிண்டரும் அட்டைப் பெட்டிகளும் சேரும். எதையும் அனுமதிக்காதீர்கள். படிக்கட்டு முடியும் இடத்திலிருந்து சந்துக்குப் போகும் பின்வாசலும் உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது

இனி நான் சொல்வது டியூஷன் மையம் வந்தாலும் வராவிட்டாலும் பொருந்தும். உங்கள் முன் படிக்கட்டில் இருக்கும் பூட்டை எடுத்துவிடுங்கள். வெளியேறும் கதவு எதுவானாலும் சாவியோ தனித் திறமையோ பலமோ தேவைப்படாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று துணைவிதிகள் சொல்கின்றன. முதல் மாடிக் கணக்காளரின் ஊழியர் ஒருவர் வரிக் கணக்கு முடிக்க இரவு தங்கியிருக்கும்போது, சாவி கீழே பூட்டிய கடைக்குள் இருக்கும். திருடனைத் தடுக்க வேறு வழி இருக்கிறது: வெளியிலிருந்து சாவி கேட்கும், உள்ளிருந்து கைப்பிடியைத் தள்ளினாலே திறக்கும் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. இரவில் படிக்கட்டு வாயிலின் சுருள் கதவை யாராவது இறக்கிவிட்டுப் போகிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மின்சார மீட்டர் பலகை படிக்கட்டுக்கு அடியில் இருப்பதாகவும், பக்கத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி இதுதான். ஒரே படிக்கட்டுள்ள கட்டடத்தில் அந்தப் படிக்கட்டின் அடியிலேயே தீப்பிடித்தால், புகைபோக்கியில் ஏறுவதுபோல் புகை நேரே மேலே போகும். இரண்டு மாடிக்காரர்களும் அகப்பட்டுக்கொள்வார்கள். பெட்டிகளை இன்றே அகற்றுங்கள். தகுதிபெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்துப் பலகையைச் சோதித்து, தீத்தாங்கும் பெட்டிக்குள் அடைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐந்தடிப் பாதையில் படிக்கட்டு வாயிலை மறித்து மோட்டார் சைக்கிள் நிறுத்துவதையும் தடுக்க வேண்டும். வகுப்பு வந்தால் படிகளில் செருப்புகள் குவியும். அவற்றுக்கு வகுப்புக்குள்ளேயே அலமாரி வைக்கச் சொல்லுங்கள்.

தீயணைப்புக் கருவிகளைப் பற்றி: அவை அவசியம் வேண்டும், ஆண்டுதோறும் சோதித்து ஒட்டுவில்லை பெற வேண்டும். மின்சாரம் போனாலும் எரியும் அவசர விளக்கும், எப்போதும் ஒளிரும் ‘கெலுவார்’ (வெளியேறும் வழி) பலகையும் வேண்டும். ஆனால் இவற்றில் எதுவும் படிக்கட்டுக்கு மாற்றாகாது. சிறு தீயைத் தொடக்கத்திலேயே அணைக்கத்தான் அந்தத் தீயணைப்புக் கருவி. பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் அதைத் தூக்கிக்கொண்டு தீயோடு போராட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவே கூடாது. அவருடைய வேலை, பிள்ளைகளை எண்ணி இறக்கி, கீழே மறுபடியும் எண்ணுவது.

பொறுப்பு யாருக்கு, முன்பணம் என்ன ஆகும்?

“உரிமம் அவர் பாடு” என்ற தம்பியின் பேச்சை இத்தோடு விடச் சொல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம், வெளியேறும் வழி போதாமல் இருப்பதையும், தப்பிப்பதைக் கடினமாக்கும் அனுமதியற்ற மாற்றங்களையும் ‘தீ அபாயம்’ என்றே வரையறுக்கிறது. அதை அகற்றச் சொல்லும் நோட்டீஸ் குடியிருப்பவருக்கும் வரலாம், உரிமையாளருக்கும் வரலாம். பின்பற்றாவிட்டால் அபராதமும் சிறையும் உண்டு. உங்கள் கட்டடம் ஆண்டுதோறும் தீயணைப்புச் சான்றிதழ் பெற வேண்டிய வகையில் சேருமா என்பது அதன் பயன்பாட்டையும் தளங்களையும் பரப்பையும் பொறுத்தது. சேராவிட்டாலும் இந்த நோட்டீஸ் விதி பொருந்தும். கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க உரிமையாளரான உங்கள் இருவரின் ஒப்புதல் தேவைப்படும். டியூஷன் மையத்தைக் கல்விச் சட்டப்படி பதிவு செய்வது அந்தத் தம்பதியின் கடமை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் பயன்பாட்டு மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். மளிகைக் கடையும் அலுவலகமும் என்று எழுதிய காப்பீட்டை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினால், இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

முன்பணத்தை உங்கள் கைச்செலவில் கலக்காதீர்கள். ஒரு வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டுவைத்து, “இரண்டாவது படிக்கட்டுக்கு அனுமதி கிடைத்து, வேலை முடிந்து, தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் வந்த பிறகே வாடகை தொடங்கும், குறிப்பிட்ட தேதிக்குள் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்” என்று இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். படிக்கட்டுச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, அவர்கள் காலி செய்தால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும். அனுமதி வருமுன் “சும்மா பத்துப் பிள்ளைகளை வைத்துத் தொடங்குகிறோம்” என்று கேட்டால், மறுத்துவிடுங்கள். சட்டம் தடுக்கும் நோக்கத்துக்காகச் செய்த உடன்படிக்கை செல்லாது என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. வாடகை பாக்கி என்று நீங்கள் வழக்குப் போட்டாலும் நிற்காமல் போகலாம்.

மாநகர் மன்றத்தில் உங்கள் கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட மூல வரைபடத்தின் நகலுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும், எல்லைக்கல்லிலிருந்து பின்சுவர்வரை உள்ள தூரத்தை மூன்று இடங்களில் அளந்து, பின்பக்கச் சன்னல்களின் படங்களோடு கட்டடக் கலைஞரிடம் கொடுங்கள். உட்புறமா வெளிப்புறமா என்பதை அவரால் ஒரே அமர்வில் சொல்லிவிட முடியும். தம்பியையும் அந்தச் சந்திப்புக்கு அழைத்துப் போங்கள். விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும்.